'இனி செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பது உண்மையா?

"இனி எங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் சென்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." இந்த வாக்கியத்தைக் கேட்டிராத குடும்பம் தமிழகத்தில் அரிது. புற்றுநோய் முற்றிய நிலையிலோ, இதயமோ சிறுநீரகமோ செயலிழந்த நிலையிலோ, மருத்துவமனை நடைகூடத்தில் நின்றபடி இதைச் சொல்கிறார்கள். கேட்டவர்கள் கைகூப்பிவிட்டு வண்டிக்கு ஏற்பாடு செய்யப் போகிறார்கள். 'நன்றாகப் பார்த்துக்கொள்வது' எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு நோயாளி வலியில் துடித்தால் என்ன கொடுப்பது, மூச்சுத் திணறினால் எப்படி உட்காரவைப்பது, படுக்கைப் புண்ணை எதைக்கொண்டு கழுவுவது, உணவை மறுத்தால் வற்புறுத்தலாமா கூடாதா? எதற்கும் விடையின்றி அந்தக் குடும்பம் வீடு திரும்புகிறது.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். எனினும், இந்த வாக்கியத்தில் மருத்துவத்துக்கு இணையாகப் பொருளாதாரமும் கலந்திருக்கிறது என்பதால் இதைப் பற்றி எழுதத் துணிகிறேன். நோயைக் குணப்படுத்த வழியில்லாமல் போகலாம். ஆனால் வலியைக் குறைக்க, வாந்தியை நிறுத்த, மூச்சிரைப்பைத் தணிக்க, புண்ணின் துர்நாற்றத்தைப் போக்க, அச்சத்தோடு கிடக்கும் மனிதரிடம் அமர்ந்து பேச வழிகள் உண்டு. மருத்துவ அறிவியல் அவற்றை அறிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்போது, கட்டணப் பட்டியலில் இனிச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றே பல நேரங்களில் பொருள்படுகிறது.

ஹாஸ்பிஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், வழிப்போக்கர்களுக்கு இடமும் உணவும் கொடுத்த இடைக்கால ஐரோப்பியச் சத்திரங்களில் இருக்கிறது. அதற்கு இன்றைய பொருளைத் தந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பின் முப்பத்தெட்டு வயதளவில் மருத்துவர் என மூன்று துறைகளையும் உள்ளிருந்து கண்டவர் அவர். 1967-இல் தெற்கு லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பதே அந்நாளைய வழக்கம். கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே அடுத்த வேளை மார்ஃபினை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் நடைமுறையாக்கினார். உடலின் வலியோடு மனத்தின் வலியும், குடும்பம், கடன், வேலை பற்றிய கவலையும், 'எனக்கு ஏன் இப்படி?' என்ற கேள்வியும் பின்னிக் கிடப்பதை 'முழுமையான வலி' என்று அழைத்தார். தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் சேவையையும் ஆரம்பித்துவிட்டது.

ஹாஸ்பிஸ் என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, சாவதற்கென்று கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு கட்டடம் என்பதே நம்மவரின் முதல் எண்ணம். அப்படிப்பட்ட இல்லங்கள் தேவைதான். பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கும், வீட்டில் சமாளிக்க முடியாத அளவுக்குத் துன்பம் மிகுந்தவர்களுக்கும் அவை பெரும் புகலிடம். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான 'சாந்தி அவேத்னா சதன்' 1986-இல் மும்பையில் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் இன்று உலகெங்கும் இந்தப் பராமரிப்பின் பெரும்பகுதி நோயாளியின் வீட்டில், அவருடைய கட்டிலருகே நடக்கிறது. தமிழில் இதைத் 'தணிப்பு சிகிச்சை' என்றும் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்றும் எழுதுகிறார்கள். தீராத நோயின் எந்தக் கட்டத்திலும், குணப்படுத்தும் சிகிச்சையுடன் இணைத்தே தரக்கூடியது ஆதரவு சிகிச்சை. அதில் வாழ்நாளின் இறுதிக் கட்டத்துக்கு உரிய பகுதியே ஹாஸ்பிஸ் பராமரிப்பு. அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீடு ஹாஸ்பிஸுக்குப் பணம் தரத் தொடங்கியபோது, ஆறு மாதத்துக்கு மேல் உயிர் வாழ வாய்ப்பில்லை என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என விதித்தது. செலவுக் கட்டுப்பாட்டுக்காக வகுத்த ஒரு கணக்கு விதி, உலகின் மனத்தில் மருத்துவ இலக்கணம்போலப் பதிந்துவிட்டது.

அதன் விளைவு, இந்தப் பேச்சை எடுத்தாலே 'நாள் குறித்துவிட்டார்கள்' என்று நாம் அஞ்சுவது. பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையிலிருந்த 151 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதனுடன் தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பிரிவினரிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாள்களில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே ஏற்றனர். அப்படியிருந்தும் அவர்களுடைய இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள்; முதல் பிரிவினருக்கோ 8.9 மாதங்கள். ஓர் ஆய்வை வைத்து எல்லா நோய்க்கும் ஆயுள் நீளும் என்று நான் வாதிட மாட்டேன். ஆதரவு சிகிச்சையை ஏற்பது ஆயுளைக் கைவிடுவதாகும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல இது போதும்.

இது புற்றுநோயாளிகளுக்கு மட்டும் உரியதும் அன்று. இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், மறதி நோய், பிறவிக் குறைபாடுகளோடு வாழும் குழந்தைகள் எனப் பட்டியல் நீளும். ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு ஆதரவு சிகிச்சை தேவைப்படுவதாகவும், அவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள்.

அடுத்தது மார்ஃபின். இந்தப் பெயரைக் கேட்டதும் படித்தவர்களும் பின்வாங்குகிறார்கள். போதை மருந்து, அடிமையாக்கிவிடும், மூச்சை நிறுத்திவிடும் என்று. கடும் வலியுள்ள நோயாளிக்குச் சிறு அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டி, பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் கொடுக்கும்போது அது பாதுகாப்பான மருந்து, உயிரைச் சுருக்குவதில்லை. குறைந்த அளவில் கொடுத்தால் மூச்சிரைப்பின் தவிப்பையும் தணிக்கும். ஏறத்தாழ எல்லோரிடமும் தோன்றும் பக்கவிளைவு மலச்சிக்கல். ஆகவே அதற்கான மருந்தையும் உடன் எழுதுவார்கள். தொடக்க நாள்களில் சிலருக்குக் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும்.

மார்ஃபின் கதையில் நம் நாட்டுக்கு என்று ஒரு முரண் இருக்கிறது. மருத்துவத் தேவைக்கான அபினி, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் பயிராகிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் உள்ளன, ஏற்றுமதியும் நடக்கிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கவே பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டிய நிலையை உண்டாக்கியது. ஏதாவது பிழை நேர்ந்தால் கடும் சிறைத்தண்டனை என்ற அச்சம் வேறு. மருந்துக் கடைகள் ஒதுங்கின. மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மார்ஃபினைக் கண்ணாலும் கண்டிராத ஒரு மருத்துவத் தலைமுறையே உருவானது. கேரள மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையாத ஆறு மருந்துகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும். சட்டம் மாறிவிட்டது, கைப்பழக்கம் இன்னும் மாறவில்லை.

என் மூத்த சகோதரியின் இறுதி நாள்களை இங்கே குறிப்பிட வேண்டும். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. பெருநகரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினோரு நாள் வைத்திருந்த பிறகு, தொடக்கத்தில் நான் சொன்ன அதே வாக்கியத்துடன் அனுப்பிவைத்தார்கள். வலிக்கென்று கொடுத்தவை கடையில் யாரும் கேட்டு வாங்கக்கூடிய மாத்திரைகள். ஊரில் ஒரு தன்னார்வக் குழுவின் செவிலியர் வீட்டுக்கு வந்தார். முதல் அரைமணி நேரம் அவர் எதையும் செய்யவில்லை; அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர்களுடைய மருத்துவரிடம் பேசி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழி மார்ஃபின் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஆன மாத்திரைச் செலவு ஓர் உணவகச் சாப்பாட்டின் விலையைவிடக் குறைவு. அதையும் அவர்கள் எங்களிடம் வாங்கவில்லை. வாய்ப்புண்ணைச் சுத்தம் செய்வதையும், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அக்காள் உட்கார்ந்து காப்பி கேட்டார். ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரத்தில் வங்கிக் கணக்குக்கு நியமனதாரர் பெயர் மாற்றினார். பக்கத்து வீட்டில் வாங்கியிருந்த வெண்கலப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பத்தாண்டுகளாகப் பேசாதிருந்த நாத்தனாரை வரவழைத்துப் பேசினார்.

இவையெல்லாம் நடந்ததற்குக் காரணம், நோயின் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் இதுதான் மிகக் கடினம். "அவரிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்" என்பதே நாம் முதலில் சொல்வது. நோயாளியோ நம் முகங்களைப் பார்த்தே பாதியை ஊகித்துவிடுகிறார். அவரும் தெரியாததுபோல் நடிக்கிறார், நாமும் நடிக்கிறோம். யாரிடம் எவ்வளவு கடன், பட்டா யார் பெயரில், இளைய மகளின் திருமணத்துக்கு என்ன சேமிப்பு என்பனவெல்லாம் அவரோடு போய்விடுகின்றன. ஆதரவு சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் எடுத்த எடுப்பில் உண்மையைப் போட்டு உடைப்பதில்லை. அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டு, அவர் கேட்கும் வேகத்துக்கு ஏற்பச் சொல்கிறார்கள். அறிய விரும்பாதவரை வற்புறுத்துவதும் இல்லை.

உணவைப் பற்றியும் ஒரு மனக்கலக்கம் எல்லா வீடுகளிலும் உண்டு. 'பட்டினி போட்டுச் சாகடித்தான்' என்று ஊர் பேசுமோ என்ற அச்சத்தில், சாப்பிட மறுப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறோம். உடல் மெல்ல அடங்கும் கடைசி நாள்களில் பசியும் தாகமும் தாமாகவே குறைகின்றன. அப்போது ஏற்றும் திரவம் கைகால்களை வீங்கவைக்கலாம். நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறலைக் கூட்டலாம். உதடுகளை ஈரத்துணியால் நனைப்பதும், விரும்பினால் ஒரு கரண்டி மோரோ கஞ்சியோ புகட்டுவதும் அந்த நேரத்தில் நல்ல பராமரிப்பு.

இனி, இது கருணைக்கொலைக்கு மறுபெயர்தானே என்ற ஐயம். ஆதரவு சிகிச்சை மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. இயந்திரங்களைக் கொண்டு வலிந்து தள்ளிப்போடுவதும் இல்லை. மீளும் வாய்ப்பற்ற நிலையில் செயற்கை உயிர்காப்புச் சாதனங்களை மறுக்கும் உரிமையை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9-ஆம் தேதி அங்கீகரித்தது. கௌரவத்துடன் இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்றது. அத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்துக்கு முதலில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றானது. சிகிச்சையை நிறுத்தும் முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய வேண்டும் என்ற பாதுகாப்பு தொடர்கிறது. நஞ்சு ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் எப்போதும்போல் குற்றமே.

இந்த வேறுபாடு தமிழகத்துக்கு மிகவும் முக்கியம். தென்மாவட்டங்களில் சில இடங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், படுக்கையில் கிடக்கும் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரடங்கச் செய்யும் வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். அது கொலை, நியாயப்படுத்த முடியாதது. ஆனால் அந்த வீடுகளின் உள்ளே எட்டிப் பார்த்தால், வலி மருந்து இல்லை, செவிலியர் இல்லை, கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத நிலை. ஆதரவு சிகிச்சை சென்றடையாத இடத்தில் எஞ்சுபவை இரண்டே: தாங்கமுடியாத நீட்டிப்பு, அல்லது அவசரமான முடிவு.

வசதியுள்ள வீடுகளில் வேறு விதமான துயரம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரோடு இருப்பவரை வெளியே அழைத்துவர மகனால் முடிவதில்லை. 'இவ்வளவு செலவழித்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்கிறார். திரும்பி வராத பழைய செலவு அடுத்த முடிவைத் தீர்மானிப்பதை நாங்கள் 'மூழ்கிய செலவு'ப் பிழை என்போம். வகுப்பில் இதற்குப் பாதியில் நின்றுபோன தொழிற்சாலையை உதாரணம் காட்டுவேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் அதைவிடப் பொருத்தமானது. ஆனால் மாணவர்களில் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்களோ என்று எண்ணி, அதைச் சொல்ல மனம் வந்ததில்லை. பிழை என்ற சொல்லும் இங்கே கடுமையானதுதான். அன்பைப் பணத்தால் நிரூபிக்கச் சொல்வது அந்த மகனைச் சுற்றியுள்ள ஊரும் உறவும்.

நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகத் தரும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாகத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. முன்னேற்றம்தான். ஆனால் நம் காப்பீடுகள், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால் பணம் தருகின்றன. அறுவை சிகிச்சைக்கு விலை உண்டு. ஸ்கேனுக்கு விலை உண்டு. ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அமர்ந்து புண்ணைக் கட்டிப் பேசிவிட்டுப் போவதற்குத் தொகுப்புக் கட்டணம் இல்லை. எதற்குப் பணம் கிடைக்கிறதோ அதுவே அளிக்கப்படும் என்பது எங்கள் பாடத்தின் பால பாடம். வீட்டில் நடக்கும் பராமரிப்பின் உண்மையான செலவை ஏற்பவர்கள் பெரும்பாலும் மகளோ மருமகளோ. அவர்கள் விட்ட வேலையும் இழந்த உறக்கமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அண்டை மாநிலம் இதற்கு வேறு வழி கண்டது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் ஒரு சிறு புறநோயாளி மையத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகள் நெடுந்தூரம் பயணம் செய்து வர வேண்டியிருப்பதைக் கண்டு, 1990-களின் இறுதியில் மலப்புரம் வட்டாரத்தில் பணியை ஊர்களுக்கே கொண்டுசென்றார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். ஆசிரியர், ஓட்டுநர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என எல்லோரும் வந்தார்கள். அவர்கள் நோயாளியின் வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்றும் பார்த்தார்கள். மருத்துவரின் நேரம் மருத்துவருக்கே உரிய வேலைக்கு மிஞ்சியது. 2008-இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை அறிவித்து, உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியரோடு கூடிய வீட்டுச் சேவையைப் பரவலாக்கியது. கேரளம் தமிழகத்தைவிட அப்போது பெரும் பணக்கார மாநிலமாக இருந்து இதைச் செய்யவில்லை.

தமிழகத்திலும் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை ஓர் அங்கம். வட்டாரத்துக்கு ஒரு ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீடுகளுக்குச் செல்கிறார். மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளை வட்டாரங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரியாக ஒருவருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் வருகின்றன. ஒரே செவிலியர் எத்தனை கட்டில்களுக்கு, எத்தனை நாள்களுக்கு ஒருமுறை போக முடியும்? ஊராட்சி தோறும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பத்துப் பேர் துணை நிற்க, வட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் வாய்வழி மார்ஃபின் இருப்பு வைக்கப்பட்டு, அதை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரேனும் இருந்தால் இதே செவிலியரின் உழைப்பு பல மடங்கு பயன் தரும். பெரிய கட்டடங்கள் எதுவும் இதற்குத் தேவையில்லை. காப்பீட்டுத் திட்டங்களில் வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகுப்புக் கட்டணம் சேர்ப்பது, தேவையற்ற தீவிர சிகிச்சைச் சேர்க்கைகளைக் குறைத்து அரசுக்கே சேமிப்பைத் தரவும் கூடும்.

அதுவரை, நடைகூடத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்கும் குடும்பத்தினர் உடனே வண்டிக்கு ஏற்பாடு செய்யப் போகாமல், சிலவற்றைக் கேட்கலாம். வலி கூடினால் அடுத்த மருந்து என்ன? வாய்வழி மார்ஃபின் தேவைப்பட்டால் இந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் கிடைக்கும்? எங்கள் வட்டாரத்தின் ஆதரவு சிகிச்சைச் செவிலியருக்கு யார் தகவல் கொடுப்பார்கள்? இரவில் யாரை அழைப்பது? இவற்றுக்கான விடைகளை டிஸ்சார்ஜ் சுருக்கத்திலேயே எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் உரிமை. எழுதித் தருவதற்கு மருத்துவமனைக்கு ஆகும் செலவு ஐந்து நிமிடம்.